அயர்லாந்தின் இசைக்குழுக்களை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது?

"யு2, கிரான்பெரீஸ், வெஸ்ட்லைஃப் மூன்றும் அயர்லாந்துக் குழுக்கள் என்று இப்போதுதான் அறிந்தேன். அடுத்தடுத்துக் கேட்டால் ஒரே நாட்டுப் பாடல்கள் என்று நம்பவே முடியவில்லை. ஐரிஷ் இசை என்று ஒன்று உண்மையில் இருக்கிறதா? வேறு எந்தக் குழுக்களைக் கேட்கலாம்? கர்நாடக வயலின் கற்கும் என் மகளால் இவற்றை வாசிக்க முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மேலோட்டமாகப் பார்த்தால் பெயர்ப் பட்டியல் கேட்பதுபோல் இருக்கிறது. ஆனால் இத்தனை மாறுபட்ட பூக்களையும் தொடுக்க ஒரு நார் உண்டா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொள்கிறேன். உண்டு என்பது என் பதில். அந்த நார் ஒரு குறிப்பிட்ட வாத்தியத்திலோ ஓசையிலோ இல்லை. அந்த நாட்டில் வளரும் எவர் காதிலும் சிறு வயதிலேயே விழுந்துவிடும் பழைய பாட்டுச் சேமிப்பு ஒன்று இருக்கிறது. அதை எடுத்தாள்வதா, உடைத்துப் போடுவதா, அதை விட்டு விலகி ஓடுவதா என்று ஒவ்வொரு குழுவும் ஒரு முடிவெடுத்தாக வேண்டியிருக்கிறது.

எனக்கு இதில் என்ன தகுதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் கர்நாடக வயலின் கற்றேன். வேலை நிமித்தம் டப்ளினில் ஒன்பது ஆண்டுகள் இருந்தேன். வாரந்தோறும் ஒரு பப்பின் மூலையில் மரபிசைக் கலைஞர்களோடு உட்கார்ந்து வாசித்தேன். ஆகவே மரபிசை பற்றிச் சொல்வது கையால் அறிந்தது. ராக், பங்க், பாப் பற்றிச் சொல்வது நெடுநாள் ரசிகனின் அறிவு மட்டுமே. அங்கே என் கருத்து எது என்பதைத் தனியே குறித்துவிடுகிறேன்.

முதலில் ஐயத்துக்கு இடமில்லாத பகுதி. ஐரிஷ் மரபிசையின் பெரும்பகுதி நடனத்துக்கான மெட்டுகள். ஜிக் என்பது ஆறெட்டுத் தாளம். நம் சொற்கட்டில் தகிட தகிட என்று எண்ணிக்கொள்ளலாம். ரீல் என்பது நான்கின் நடை, தகதிமி தகதிமி. ஸ்லிப் ஜிக்கில் மூன்று தகிட வரும். ஒரு மெட்டுக்கு வழக்கமாக இரண்டு பகுதிகள். ஒவ்வொன்றும் எட்டு சுற்று, இருமுறை வாசிப்பார்கள். முழு மெட்டையும் மூன்று தடவை வாசித்துவிட்டு, நிறுத்தாமல் அடுத்த மெட்டுக்குத் தாவுவார்கள். ஃபிடில் (நம் வயலினேதான்), புல்லாங்குழல், டின் விசில் என்ற சின்னத் தகரக் குழல், கான்சர்ட்டினா என்ற சிறு கைத்துருத்தி வாத்தியம், முழங்கையால் துருத்தியை அழுத்தி வாசிக்கும் இலின் பைப்ஸ் எல்லாம் ஒரே மெட்டைச் சேர்ந்தே வாசிக்கும். தனி ஆவர்த்தனம் கிடையாது. மேளகர்த்தா, ராகம் போன்ற இலக்கணமும் கிடையாது. கலைஞரின் தனித்தன்மை முழுவதும் வில்லின் அசைவிலும், ஸ்வரத்தைத் தொட்டுவிட்டு விலகும் சின்னச் சின்ன அணிகளிலும் இருக்கிறது. இதற்கு மறுபக்கமாக, பக்கவாத்தியமே இல்லாமல் ஐரிஷ் மொழியில் ஒருவர் தனியே பாடும் 'ஷான்-நோஸ்' மரபு இருக்கிறது. அங்கே தாளம் தளர்ந்து சொல்லின் மூச்சுக்குப் பின்னால் செல்லும்.

இந்த மரபுக்கு வயது அதிகம். ஆனால் மேடையில் அமர்ந்து, திட்டமிட்டு, கேட்பதற்கென்றே வாசிக்கும் 'குழு' என்பது அதில் மிகவும் புதிது. நடனத்துக்கு வாசிக்கும் கேலி பேண்டுகள் முன்பே இருந்தன. எந்த இடத்தில் எந்த வாத்தியம் நுழையவேண்டும், எங்கே ஓயவேண்டும் என்று யோசித்துக் கோத்தவர் ஷான் ஓ ரியடா. 1960களின் தொடக்கத்தில் கியோல்டோரி குவாலன் என்ற குழுவை நடத்தியவர். அதில் பைப்ஸ் வாசித்த பேடி மொலோனி 1962இல் டப்ளினில் தொடங்கியது த சீஃப்டன்ஸ். 2021இல் மொலோனி மறையும் வரை அது அயர்லாந்தின் இசைத் தூதுக்குழுவாகவே இருந்தது. 1983இல் சீனப் பெருஞ்சுவரின் மேல் வாசித்தார்கள். 1988இல் பாடகர் வான் மாரிசனோடு ஓர் இசைத்தட்டு. 1995இல் ரோலிங் ஸ்டோன்ஸ், ஸ்டிங் உள்ளிட்டோருடன் இன்னொன்று. புதியவருக்கு இதைவிட இதமான வாசல் கிடையாது.

அதே 1962இல், அதே ஊரில், மெரியன் ரோவில் உள்ள ஓ'டோனஹியூஸ் பப்பில் பிறந்தது த டப்ளினர்ஸ். சீஃப்டன்ஸ் வாத்தியக்காரர்கள் என்றால் இவர்கள் பாட்டுக்காரர்கள். ரானி ட்ரூவின் கரகரத்த குரலும், சோகத்தைத் தூக்கி நிறுத்தும் லூக் கெல்லியின் குரலும் ஒரு நாட்டின் நினைவில் படிந்துவிட்டன. 1967இல் 'செவன் ட்ரங்கன் நைட்ஸ்' பாடலை அயர்லாந்தின் அரசு வானொலி தடைசெய்தது. பிரிட்டனிலோ அது முதல் பத்துக்குள் ஏறியது. இசை கற்பவர்கள் கவனிக்க வேண்டிய வேறொன்றும் அந்தக் குழுவில் இருக்கிறது. பார்னி மெக்கென்னா தன் நான்கு கம்பி பேஞ்சோவை வயலினைப் போலவே, ஒரு ஸ்தாயி கீழே சுருதி சேர்த்தார். அதனால் ஃபிடில் மெட்டுகள் எல்லாம் அதே விரலடைவில் பேஞ்சோவுக்கு வந்துவிட்டன. இன்று எந்த பப்பில் பேஞ்சோவைப் பார்த்தாலும் பெரும்பாலும் அந்தச் சுருதிதான்.

நான் நீண்ட நேரம் நிற்க விரும்பும் இடம் 1970கள். கிறிஸ்டி மூர், டோனல் லனி, ஆண்டி இர்வைன், பைப்ஸ் கலைஞர் லியம் ஓ'ஃப்ளின் நால்வரும் 1972இல் சேர்ந்து அமைத்தது பிளாங்ஸ்டி. கிரேக்க நாட்டின் பூசூக்கி என்ற நீண்ட கழுத்து வாத்தியத்தை, சில ஆண்டுகளுக்கு முன்பே ஜானி மொய்னிகன் ஐரிஷ் இசைக்குள் கொண்டுவந்து சுருதியையும் மாற்றி வைத்திருந்தார். லனியும் இர்வைனும் அதை இசையின் நடுவே உட்கார வைத்தார்கள். கிதார் போல நாண்களை அடித்து மெட்டை மூடாமல், மெட்டுக்கு இணையாக இரண்டாவது ஓர் இழையை ஓடவிட்டார்கள். இன்று 'மரபான ஐரிஷ் ஓசை' என்று சுற்றுலாப் பயணிகள் நினைக்கும் பூசூக்கிக்கு அந்த மரபில் அறுபது ஆண்டுகள்தான் வயது என்பதை நினைவில் வையுங்கள். 1973இல் வந்த அவர்களுடைய முதல் இசைத்தட்டின் முதல் பாட்டைக் கேளுங்கள். ஜிப்சிகளோடு ஓடிப்போன சீமாட்டியின் கதைப்பாட்டு அது. பாட்டு முடியும் இடத்தில், நானூறு ஆண்டுகள் பழைய யாழ் மெட்டு ஒன்று மெல்ல நுழையும்; பிறகு ஓ'ஃப்ளினின் பைப்ஸ் எழும். பாடலும் வாத்திய இசையும் இரு வேறு உலகங்களாக இருந்த மரபில், இரண்டையும் ஒரே மூச்சில் இணைத்த அந்தச் சில நொடிகளை எத்தனை முறை கேட்டும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

பிளாங்ஸ்டியிலிருந்து விலகிய லனி அடுத்துச் சேர்த்தது த பாத்தி பேண்ட். 1975 முதல் 1979 வரை, நான்கைந்து ஆண்டுகள்தான் வாழ்ந்தது. பேடி கீனனின் பைப்ஸ், மேட் மொலாயின் புல்லாங்குழல், டோமி பீப்பிள்ஸின் ஃபிடில், அவருக்குப் பின் கெவின் பர்க். கீழே கிதாரும் பூசூக்கியும் கிளாவினெட் என்ற மின் விசைப்பலகையும் ஒரு ராக் குழுவின் வேகத்தில் முடுக்கும். மரபிசைக் குழுக்களில் இதுவே உச்சம் என்பது என் கருத்து; சீஃப்டன்ஸ் ரசிகர்கள் மறுப்பார்கள். ஆனால் பின்னால் வந்த ஆல்டன், லூனாசா, டெர்விஷ் ஆகிய எல்லோரிடமும் பாத்தி பேண்டின் நிழல் விழுந்திருக்கிறது என்பதை மறுப்பவர் அரிது.

மொழியையும் பேச வேண்டும். டொனிகால் மாவட்டத்தின் குவீடோர் ஐரிஷ் மொழியை வீட்டிலும் தெருவிலும் பேசும் பகுதி. அங்கே தந்தையின் பப்பில் பாடி வளர்ந்த உடன்பிறப்புகள் மூவரும் அவர்களுடைய இரட்டைத் தாய்மாமன்கள் இருவரும் சேர்ந்தது கிளானட். ஆங்கிலத்தில் பாடினால்தான் விற்கும் என்ற காலத்தில் ஐரிஷ் பாட்டுகளை விடாமல் பாடினார்கள். 1982இல் ஒரு தொலைக்காட்சித் தொடருக்காக அவர்கள் பாடிய 'ஹாரிஸ் கேம்' பாடல், பிரிட்டிஷ் தரவரிசையில் ஐந்தாம் இடம் வரை போனது. அடுக்கடுக்காகப் படியும் அந்தக் குரல்களை உலகம் பிறகு 'கெல்டிக்' ஓசை என்று அழைக்கத் தொடங்கியது. இந்தக் குடும்பத்தின் தங்கைதான், கிளானடில் இரண்டு ஆண்டுகள் இருந்துவிட்டுத் தனியே சென்ற என்யா.

இனி மரபை உடைத்தவர்கள். இதற்கு ஒரே பாட்டைப் பின்தொடர்வதே நல்ல வழி. 'விஸ்கி இன் த ஜார்' பழைய கதைப்பாட்டு: படைத்தலைவனைக் கொள்ளையடித்த வழிப்பறிக்காரனை அவன் காதலியே காட்டிக்கொடுக்கிறாள். டப்ளினர்ஸ் அதைக் கூட்டமாகக் கைதட்டும் உற்சாகத்தோடு பாடினார்கள். 1972இல் தின் லிஸி என்ற டப்ளின் ராக் குழு அதை மின்கிதாரில் எடுத்தது. ஒத்திகையில் விளையாட்டாகப் பாடியதை நிறுவனம் வெளியிட முடிவுசெய்தபோது குழுவுக்கே விருப்பமில்லை. பாட்டோ பிரிட்டனில் ஆறாம் இடம் பிடித்தது. பாடகர் ஃபில் லினட் குரலில் உற்சாகம் வடிந்து, ஏமாந்தவனின் தனிமை தெரியும். அவர் தந்தை பிரிட்டிஷ் கயானாவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். வளர்த்தது டப்ளினில் பாட்டி. 1950களின் டப்ளினில் கறுப்புத் தோலோடு வளர்ந்த சிறுவன் அயர்லாந்தின் முதல் பெரிய ராக் நட்சத்திரமானான் என்பதை நினைத்துக்கொண்டு கேட்டால், தலைமறைவானவர்களையும் வீரர்களையும் அவர் ஏன் அத்தனை பாடினார் என்பது எனக்குப் புரிவதுபோல் இருக்கிறது. இது என் ஊகம்தான். 36 வயதில், 1986இல் மறைந்தார். டப்ளினின் ஹாரி தெருவில் அவருக்குச் சிலை இருக்கிறது. தின் லிஸியின் வடிவத்தைத்தான் அமெரிக்க ராக் குழுவான மெட்டாலிகா 1998இல் எடுத்துப் பாடியது.

ஹார்ஸ்லிப்ஸ் வேறு வழியில் போனது. பழம்பெரும் வீரகாவியமான 'டைன்' கதையை 1973இல் முழு ராக் இசைத்தட்டாக்கினார்கள். அதில் 'டேரக் டூம்' பாடலின் கிதார் முழக்கம், 'ஓ'நீலின் படைநடை' என்ற மரபு மெட்டேதான். 1990 உலகக் கோப்பைக் கால்பந்துக்கு அயர்லாந்து அணி போனபோது வந்த பாடலிலும் அதே முழக்கம் திரும்பியது.

வட அயர்லாந்து பிரிட்டனோடு இருப்பதா, அயர்லாந்தோடு சேர்வதா என்ற மோதல் நடந்த வன்முறைக் காலத்தை மறந்து அங்குள்ள குழுக்களைக் கேட்க இயலாது. ஊர் ஊராக நடன அரங்குகளில் வாசித்துத் திரிந்த ஷோபேண்டுகளில் புகழ்பெற்ற மயாமி ஷோபேண்ட், 1975 ஜூலை 31 அன்று கச்சேரி முடிந்து டப்ளின் திரும்பும் வழியில் மறிக்கப்பட்டது. போலிச் சோதனைச் சாவடி அமைத்த ஆயுதக் குழுவினர் மூன்று கலைஞர்களைக் கொன்றார்கள். அதன் பின் தெற்கிலிருந்து வடக்கே போய் வாசிக்கக் குழுக்கள் அஞ்சின. இரண்டே ஆண்டுகளில் பெல்ஃபாஸ்ட்டில் ஸ்டிஃப் லிட்டில் ஃபிங்கர்ஸ் பங்க் குழு எழுந்து, சோதனைச் சாவடிகளையும் குண்டுகளையும் நேரடியாகப் பாடியது. டெரி நகரத்தின் அண்டர்டோன்ஸ் அதற்கு நேர் எதிர். தெருவில் இராணுவம் நிற்கையில் அவர்கள் பதின்வயதுக் காதலைப் பாடினார்கள். 1978இல் அவர்களுடைய 'டீனேஜ் கிக்ஸ்' பாடலை பிபிசி அறிவிப்பாளர் ஜான் பீல் ஒரே நிகழ்ச்சியில் அடுத்தடுத்து இருமுறை ஒலிபரப்பினார். எது துணிச்சல் என்று அன்றே சண்டை நடந்தது. நான் அண்டர்டோன்ஸ் பக்கம்: போர் நடக்கும் ஊரில் சாதாரணமான வயதுக்காரனாக இருப்பதற்கும் உறுதி வேண்டும்.

இப்போது உங்கள் மூன்று குழுக்கள். யு2 டப்ளினின் மவுண்ட் டெம்பிள் பள்ளியில், 1976இல் லாரி மல்லன் அறிவிப்புப் பலகையில் ஒட்டிய ஒரு சீட்டிலிருந்து தொடங்கியது. நால்வரில் இருவர் பிறந்தது இங்கிலாந்தில். அவர்கள் இசையில் ஜிக்கோ ரீலோ இல்லை. 1983இன் 'வார்' இசைத்தட்டில் ஸ்டீவ் விக்கமின் வயலின் கேட்கும், அவ்வளவுதான். கிதார் கலைஞர் எட்ஜின் வாசிப்பில் ஒரே ஸ்வரம் விடாமல் ரீங்கரிப்பது பைப்ஸின் சுருதி ஒலியை நினைவூட்டுகிறது என்று சிலர் சொல்வார்கள். அழகான எண்ணம், ஆனால் எதிரொலிக் கருவியும் அன்றைய பங்க் இசையுமே அதை விளக்கப் போதும். நம் பக்கத் தொடர்பு ஒன்று உறுதியானது: 2019இல் ஏ.ஆர். ரகுமானோடு அவர்கள் வெளியிட்ட 'அஹிம்சா' பாடலில் திருக்குறள் தமிழிலேயே ஒலிக்கிறது.

கிரான்பெரீஸ் லிமெரிக் நகரக் குழு. 1990இல் டொலோரஸ் ஓ'ரியோர்டன் சேர்ந்த பிறகே அது அதுவானது. மார்புக் குரலிலிருந்து மேல்குரலுக்குத் தாவும்போது மற்றப் பாடகர்கள் ஒளித்துவைக்கும் உடைவை அவர் வெளிப்படையாக்கினார். அது பழைய ஒப்பாரி மரபிலிருந்து வந்தது என்று எழுதுபவர்கள் உண்டு. தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர், ஊர்ப்புறத்துக்காரர் என்பவை உறுதி. மீதியை நான் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் இங்கிலாந்துப் பாடகிகளைப் போல உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளாமல் லிமெரிக் வாயாலேயே பாடினார். அதுவே போதிய துணிவு. 1993இல் இங்கிலாந்தின் வாரிங்டனில் ஐஆர்ஏ என்ற ஐரிஷ் ஆயுதக் குழு வைத்த குண்டு இரு சிறுவர்களைக் கொன்றபின் அவர் எழுதியது 'ஸோம்பி'. 2018 ஜனவரியில், 46 வயதில் மறைந்தார்.

வெஸ்ட்லைஃப் பிரிட்டனில் பதினான்கு முறை முதலிடம் பிடித்தது. அவர்கள் பாட்டுகள் எந்த நாட்டிலும் செய்திருக்கக்கூடியவை. எனக்கு அவற்றில் அதிகம் பிடிப்பில்லை. இருந்தும், 'யூ ரைஸ் மீ அப்' பாட்டின் மெட்டை 'லண்டன்டெரி ஏர்' என்ற ஐரிஷ் மெட்டோடு சேர்த்துக் கேளுங்கள். மெட்டமைத்தவர் நார்வேக்காரர், வரிகள் ஐரிஷ்காரர் பிரெண்டன் கிரேயம் எழுதியவை. இரண்டும் உறவினர்கள் என்று என் காது சொல்கிறது. காது சாட்சி சொல்லலாம், தீர்ப்புச் சொல்ல முடியாது. பாப் இசையில் மரபை வெளிப்படையாகக் கலந்தவர்கள் டண்டாக்கின் உடன்பிறப்புகளான த கோர்ஸ். 1995இன் முதல் இசைத்தட்டிலேயே ஃபிடிலும் டின் விசிலும் பௌரான் பறையும் உண்டு.

யார் ஐரிஷ் என்ற சண்டைக்கு நடுவில் நிற்பது த போக்ஸ். 1982இல் லண்டனின் கிங்ஸ் கிராஸில் தொடங்கியது. அதன் பாடகர் ஷேன் மெகவன் பிறந்தது இங்கிலாந்தின் கென்ட்டில். பங்கின் வேகத்தில், பழைய பாட்டுகளின் இலக்கணத்தில், லண்டனில் கட்டட வேலை பார்த்துக் குடித்து அழிந்த ஐரிஷ்காரர்களை அவர் எழுதினார். மரபிசைத் தூயர்கள் அப்போது கொதித்தார்கள். டப்ளினர்ஸோ 1987இல் அவர்களோடு சேர்ந்தே பாடினார்கள். பல தலைமுறைகள் பிழைப்புக்காகக் கப்பலேறிய நாட்டுக்கு, வெளியே பிறந்த பிள்ளையின் பாட்டும் சொந்தப் பாட்டுத்தான் என்பதில் எனக்கு ஐயமில்லை. 2023 டிசம்பரில் டிப்பரேரியின் நீனா ஊர்த் தேவாலயத்தில் அவர் சவப்பெட்டியின் முன் பாடி ஆடினார்கள். அந்தச் சண்டை அத்தோடு முடிந்தது.

இன்றைய குழுக்களில் மூன்றைத் தவறவிடாதீர்கள். ஃபோன்டெய்ன்ஸ் டி.சி. குழுவின் 2022 இசைத்தட்டு 'ஸ்கின்டி ஃபியா' ஐரிஷ் மொழித் தலைப்புள்ள பாட்டோடு தொடங்குகிறது. இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஓர் ஐரிஷ் பெண்ணின் கல்லறைக் கல்லில், மொழிபெயர்ப்பு இல்லாமல் ஐரிஷ் சொற்றொடரைப் பொறிக்கக் கூடாது என்று தேவாலய நீதிமன்றம் சொன்ன செய்தியிலிருந்து பிறந்த பாட்டு அது. பின்னர் மேல்முறையீட்டில் அனுமதி கிடைத்தது. லங்கம் இன்னும் ஆழமானது. கான்சர்ட்டினாவையும் பைப்ஸையும் வைத்துக்கொண்டு, பழைய மரணப் பாட்டுகளை எட்டு நிமிடம் பத்து நிமிடம் இழுத்து, அடியில் ஒரு கனத்த சுருதியை நிறுத்தி நம்மை அச்சுறுத்துவார்கள். 2023இல் வந்த 'ஃபால்ஸ் லங்கம்' இசைத்தட்டை இரவில் தனியே கேட்க வேண்டாம் என்பேன். பெல்ஃபாஸ்ட்டின் நீகேப் ஐரிஷ் மொழியிலேயே ராப் பாடுகிறது. இளையோரிடம் அந்த மொழி பள்ளிப் பாடமாகச் சுருங்காமல் தெருவுக்கு வந்ததில் அவர்களுக்குப் பங்குண்டு.

கேட்கும் வரிசை என்றால்: பிளாங்ஸ்டியின் முதல் இசைத்தட்டு, பிறகு தின் லிஸியின் 'விஸ்கி இன் த ஜார்', பிறகு போக்ஸ், கடைசியில் லங்கம். இந்த நான்கைக் கேட்டபின் கிரான்பெரீஸுக்குத் திரும்புங்கள்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை, தாராளமாக வாசிக்கலாம். நம் வயலினில் ச-ப-ச-ப என்று சுருதி சேர்ப்போம். இங்கே நான்கு கம்பிகளும் ஐந்தாம் ஸ்வர இடைவெளியில், ஜி-டி-ஏ-இ என்று நிற்கும். கம்பிகளை மாற்றிச் சேர்க்கும் முன் ஆசிரியரைக் கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வயலின் ஒன்றைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது. தரையில் அமர்ந்து வாசிப்பது எந்தத் தடையும் இல்லை. விரல் அவளுக்குச் சிரமம் தராது. எனக்கு இரண்டு ஆண்டுகள் எடுத்தது வில்தான்: நாம் நீளமாக இழுத்து ஸ்வரங்களைப் பிணைத்துப் பழகியவர்கள், ஜிக்கிலோ ஒவ்வொரு தகிடவிலும் முதல் எழுத்து சற்றே சாய்ந்து அழுந்த வேண்டும். 'கெஷ் ஜிக்' என்ற மெட்டில் தொடங்கட்டும். ஜி சுருதியில் அமைந்த எளிய மெட்டு. பப்பில் கூடி வாசிக்கும் செஷனுக்கு வரும் எவருக்கும் தெரியும். பாத்தி பேண்டின் 1975 இசைத்தட்டு அதோடுதான் திறக்கிறது. முதலில் அதைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, வாயால் தகிட தகிட என்று சொல்லிக்கொண்டே அவள் கேட்கட்டும். வில்லைப் பிறகு எடுக்கலாம்.